விடியற்காலை நடக்கிறேன், பிறகும் ஏன் வைட்டமின் டி குறைவு?

கேள்வி: எனக்கு வயது 51. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. நான்கு ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போய், ஆறேகாலுக்குத் திரும்புகிறேன். அலுவலகத்திலும் ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில்தான் என் மேசை. தினமும் இரண்டு முட்டை சாப்பிடுகிறேன். கொழுப்புக்குப் பயந்து மஞ்சள் கருவை எடுத்துவிடுவேன். ஆறு மாதமாக இடுப்பிலும் தொடையிலும் வலி, எந்நேரமும் அசதி. பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்தது. மருத்துவர் வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இன்னும் தொடங்கவில்லை. வேறு நாட்டில் இருக்கும் என் தங்கை நடப்பதே இல்லை, அவளுக்கு 40 இருக்கிறது. நான் செய்த தவறு என்ன? மாத்திரை இல்லாமல் வெயிலாலும் சாப்பாட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாதா? என் மாமியாருக்கு வயது 76, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அவருக்கும் மாத்திரை தேவைப்படுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு ஆண்டுகள் ஒருநாள் விடாமல் விடியலில் எழுந்து நடப்பது எளிதான காரியமல்ல. பரிசோதனைத் தாளில் 14 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்த உழைப்பெல்லாம் வீணாகிவிட்டது போலத் தோன்றியிருக்கும். வீணாகவில்லை. நடை தர வேண்டியதை உங்களுக்குத் தந்திருக்கிறது. வைட்டமின் டி மட்டும் அந்த நேரத்தில் கிடைக்காத பொருள். இதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள்.

வெளிச்சம் வேறு, வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வேறு. சூரியனிலிருந்து வரும் ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவற்றில் புற ஊதா பி என்ற சிறு பகுதி, ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளது, தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். வானத்தில் இருக்கும் ஓசோன் படலம் இந்தக் கதிரைத்தான் அதிகம் உறிஞ்சிக்கொள்கிறது. சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது கதிர் நேராக இறங்குவதால் காற்று மண்டலத்தில் அது கடக்கும் தூரம் குறைவு. ஓரளவு நம்மை வந்து சேர்ந்துவிடும். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதே கதிர் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வர வேண்டும். வழியிலேயே ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடுகிறது. நீங்கள் வீடு திரும்பும் ஆறேகால் மணிக்குக் கண்ணுக்கு நல்ல வெளிச்சம் இருக்கும், உடம்புக்கு இதமாகவும் இருக்கும், தோலில் வைட்டமின் டி மட்டும் உருவாகாது. 'இளவெயில் நல்லது' என்று சொல்லிச் சொல்லி, அந்த நல்லதில் இதையும் சேர்த்துவிட்டோம்.

தோலில் நடப்பது இதுதான். கொலஸ்டிராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள், 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்பது அதன் பெயர், நம் தோலில் எப்போதும் இருக்கிறது. புற ஊதா பி கதிர் பட்டதும் அதன் வளையம் ஒன்று திறந்துகொள்கிறது. அப்படித் திறந்த பொருள், உடம்புச் சூட்டிலேயே சில மணி நேரத்தில் வைட்டமின் டி3 ஆக மாறி ரத்தத்தில் கலக்கிறது. பிறகு கல்லீரல் அதை ஒரு மாற்றம் செய்கிறது. பரிசோதனைக்கூடத்தில் உங்களுக்கு அளந்தது இந்த வடிவத்தைத்தான். கடைசியாகச் சிறுநீரகம் இன்னொரு மாற்றம் செய்து, குடலிலிருந்து கால்சியத்தை உள்ளே இழுக்கும் ஹார்மோனாக ஆக்குகிறது. தோல், கல்லீரல், சிறுநீரகம் என்று மூன்று இடங்களில் வேலை நடக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வெயில் மட்டும் ஏன் போதாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும். 1919ஆம் ஆண்டு பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் வந்த குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைக் காட்டி வைத்தியம் செய்தார். எலும்புகள் தேறின. ஒளியை ஒரு கையில் மட்டும் காட்டிவிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஒளி படாத மறு கையின் எலும்பும் தேறியிருந்தது. தோலில் ஏதோ ஒன்று உண்டாகி ரத்தத்தின் வழியே உடம்பு முழுவதும் போகிறது என்பதற்கு அந்தக் குழந்தையின் மறு கையே சாட்சி. அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, காட் மீன் ஈரல் எண்ணெய் ரிக்கெட்ஸைத் தடுப்பதை நாய்களிடம் காட்டினார். அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்கு 1922இல் எல்மர் மெக்கோலம் வைத்த பெயர்தான் வைட்டமின் டி. ஏ, பி, சி என்ற எழுத்துகள் ஏற்கெனவே போய்விட்டதால் டி. வெயிலும் மீன் எண்ணெயும் ஒரே நோயைத் தீர்ப்பது எப்படி என்று அன்றைய மருத்துவர்கள் திகைத்தார்கள். எளிதில் கைக்கொள்ள முடிகிற இரண்டு வழிகள் நமக்கு இருக்கின்றன என்பதை அவர்கள்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

சரி, எந்த நேரத்து வெயில்? கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், நிழலைப் பாருங்கள். சமதளமான இடத்தில் நிமிர்ந்து நில்லுங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக விழுந்தால் சூரியன் தாழ்வாக இருக்கிறது; வைட்டமின் டி அவ்வளவாக உருவாகாது. நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறிவிட்டது, கதிர் கிடைக்கும். எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் இந்தக் கணக்கு உதவும். நாளைக் காலை நடை முடித்து வரும்போது வாசலில் ஒரு முறை திரும்பி உங்கள் நிழலைப் பாருங்கள். வெயில் எழுந்திருந்தால் தெருவின் பாதி வரை நீண்டு கிடக்கும். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்த நிழலில் இருக்கிறது.

அலுவலக ஜன்னலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி புற ஊதா பி கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். சூடு உள்ளே வரும், வெளிச்சம் வரும், தோலைக் கறுக்கச் செய்து முதுமைச் சுருக்கம் கொண்டுவரும் புற ஊதா ஏ கதிரின் பெரும்பகுதியும் வரும். உங்களுக்குத் தேவையான ஒன்று மட்டும் வெளியே நின்றுவிடும். ஓய்வுபெற்ற ஒருவர், கண்ணாடி அடைத்த வராந்தாவில் தினமும் ஒரு மணி நேரம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துவந்தார். அவருடைய முன்கை நன்றாகக் கறுத்திருந்தது. 'இவ்வளவு வெயில் காய்ந்தும் குறைவா' என்று அந்தக் கையை என் மேசைமேல் நீட்டிக் கேட்டார். கண்ணாடியைத் திறந்து வையுங்கள் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண்ணைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு வெளிர்நிறத் தோலுக்கு ஆவதைவிடச் சில மடங்கு அதிக நேரம் ஆகும். எவ்வளவு தோல் திறந்திருக்கிறது என்பதும் முக்கியம். முகமும் உள்ளங்கையும் மட்டும் தெரிய நடப்பதற்கும், கைகள் தோள் வரையிலும் கால்கள் முழங்கால் வரையிலும் திறந்திருக்க நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மேகமும் புகைமூட்டமும் கதிரைக் குறைக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கிலோ தெற்கிலோ இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் சூரியன் நண்பகலிலும் தாழ்ந்தே இருக்கும். வடக்கே 42 பாகை அட்சரேகையில் உள்ள அமெரிக்க நகரமான பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோலில் வைட்டமின் டி உருவாவதே இல்லை என்று 1980களிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அங்கெல்லாம் அந்த மாதங்களில் உணவும் மாத்திரையும்தான் வழி.

பொதுவான அளவுகோல் ஒன்று சொல்கிறேன். தோல் சிவக்கவோ எரியவோ தொடங்குவதற்கு வெகு முன்பே நிழலுக்கு வந்துவிட வேண்டும். வெளிர்நிறத் தோலுக்குக் கோடைக்கால நண்பகலில் பத்துப் பதினைந்து நிமிடம் பெரும்பாலும் போதும். கறுத்த தோலுக்கு அரை மணியோ அதற்கு மேலோ ஆகலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் கிடைத்தாலே நல்லது. 'இரண்டு மணி நேரம் நின்றால் இரண்டு வாரத்துக்குச் சேர்ந்துவிடும்' என்று நினைக்காதீர்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு, தோலில் உருவான பொருளை அதே வெயில் உடம்புக்குப் பயன்படாத வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. வெயிலால் வைட்டமின் டி மிஞ்சி நஞ்சாகாமல் இயற்கை வைத்த தடுப்பு இது. அந்த எல்லைக்கு மேல் நின்றால் தோல் புண்படுவதும், பல ஆண்டுகளில் தோல் புற்றுநோய்க்கு இடம் தருவதும்தான் மிச்சம். முகத்தில் ஏற்கெனவே நிறைய வெயில் படுகிறது. அதற்குத் தொப்பியோ குடையோ சன்ஸ்கிரீனோ இருக்கட்டும். கையையும் காலையும் வெயிலுக்குக் கொடுங்கள். லூபஸ் நோய் உள்ளவர்களும், டாக்ஸிசைக்ளின் போல வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் இந்த யோசனையைத் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

அப்படியானால் விடியற்காலை நடையை விட்டுவிடுவதா? விடவே கூடாது. ஐம்பதைத் தொட்டிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கும். எலும்பு உயிருள்ள பொருள். சுமை விழுகிற இடத்தில் தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும், சுமை விழாத இடத்தில் தேயும். ஒவ்வோர் அடியிலும் குதிகாலிலிருந்து இடுப்பு வரை ஏறும் அந்தச் சிறு அதிர்வை வைட்டமின் டியால் தர முடியாது. அதைப் போலவே, எவ்வளவு நடந்தாலும் வெயில் இல்லாமல் வைட்டமின் டி வராது. இரண்டும் தனித்தனி, எலும்புக்கு இரண்டும் வேண்டும். காலை வெளிச்சம் கண்ணில் படுவது தூக்கத்தின் தாளத்தை ஒழுங்குபடுத்தும் என்பதும் உண்மை.

ஆகவே உங்கள் முக்கால் மணியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியலில் அரை மணி நடங்கள். மிச்சத்தைக் கால் மணியிலிருந்து இருபது நிமிடமாக மதிய உணவு இடைவேளைக்கு மாற்றுங்கள். அலுவலகத்தைச் சுற்றி வெயிலில் ஒரு நடை. மேலே முழுக்கை ஆடை அணிகிறவராக இருந்தால் அந்த நேரத்துக்காவது கையை மடித்துவிடுங்கள். உடை முறையால் கையைத் திறக்க முடியாதவர்கள் மொட்டைமாடி, கொல்லைப்புறம் போன்ற தனிமையான இடத்தைத் தேடலாம்; அதற்கும் வழியில்லை என்றால் மாத்திரையை நம்புவதில் எந்தக் குறையும் இல்லை. கடும் வெயில் நாளில், தலைசுற்றும் அளவுக்குச் சூடு இருந்தால், வெளியே போகாதீர்கள். ஒரு நாள் தவறினால் எதுவும் கெட்டுவிடாது. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது, உடம்பில் வாரக்கணக்கில் தங்கும்.

உணவுக்கு வருகிறேன். இங்கே ஒரு கசப்பான உண்மை உண்டு: இயற்கை உணவில் வைட்டமின் டி மிகக் குறைவு. ஒரு வயது முதல் 70 வயது வரை நாளொன்றுக்கு 600 ஐ.யு., 70க்கு மேல் 800 ஐ.யு. என்பது பரவலாக ஏற்கப்பட்ட தேவை. (ஐ.யு. என்பது வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு. 40 ஐ.யு. ஒரு மைக்ரோகிராம். டப்பாக்களில் இரண்டு விதமாகவும் அச்சிட்டிருப்பார்கள்.) ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 40 ஐ.யு. அதுவும் முழுவதும் மஞ்சள் கருவில். நீங்கள் எடுத்து எறிந்தது எதை என்று இப்போது தெரிகிறது அல்லவா? உங்களுக்கு ரத்தக் கொழுப்பில் கோளாறு என்று மருத்துவர் சொல்லியிருந்தால் ஒழிய, நாளுக்கு ஒரு முட்டையை மஞ்சள் கருவோடு சாப்பிடலாம். ஆனால் 600 ஐ.யு.வை முட்டையிலிருந்தே பெற வேண்டுமானால் நாளுக்குப் பதினைந்து முட்டை வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

உண்மையில் நிறையத் தருவது கொழுப்பு மிகுந்த மீன்தான். சால்மன் வகை சிலவற்றில் உள்ளங்கை அளவுத் துண்டு, 85 கிராம், 500 ஐ.யு.க்கு மேலும் கொடுக்கும். கானாங்கெளுத்தி, ஹெர்ரிங், மத்தி ஆகியவற்றிலும் உண்டு. அளவு வகைக்கு வகை மாறும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படிப்பட்ட மீன் சாப்பிடுகிறவர்கள் பாக்கியசாலிகள். காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 1,300 ஐ.யு.க்கு மேல் இருக்கிறது. அதோடு வைட்டமின் ஏயும் ஏராளமாக வரும் என்பதால், கர்ப்பிணிகள் அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பால் நல்ல உணவு, கால்சியமும் தரும். ஆனால் வைட்டமின் டி சேர்த்துச் செறிவூட்டிய பாலில்தான் குறிப்பிடத்தக்க அளவு இருக்கும். பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தாய்ப்பாலிலும் இது குறைவு. அதனால்தான் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 ஐ.யு. சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

மீனும் முட்டையும் சேர்க்காதவர்களுக்குக் காளான் ஒரு நல்ல வழி. காளானுக்கும் நம் தோலைப் போலவே ஒரு குணம் உண்டு, வெயில் பட்டால் அதில் வைட்டமின் டி2 உருவாகும். இருட்டறையில் வளர்த்த காளானில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. சமைப்பதற்கு முன் அதை நறுக்கியோ, குடையின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்தோ, ஒரு தட்டில் பரப்பி நண்பகல் வெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். கண்ணாடி மூடி போட வேண்டாம். டி2 உருவாகியிருக்கும், சமைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். ரத்த அளவை உயர்த்தி நிறுத்துவதில் டி3க்குச் சற்றுப் பின்தங்கியதுதான் என்றாலும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட எளிய உணவு வழி எனக்குத் தெரியாது.

இனி மாத்திரை. தயங்காமல் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோரின் எலும்புக்குப் போதும் என்று பல வல்லுநர் குழுக்கள் ஏற்கின்றன. சிலர் 30 வேண்டும் என்பார்கள். 12க்குக் கீழே போனால் தெளிவான குறைபாடு. நீங்கள் 14இல் இருக்கிறீர்கள், அதோடு வலியும் இருக்கிறது. வெயிலும் சாப்பாடும் இந்த எண்ணை உயர்த்தாது என்று சொல்லமாட்டேன். ஆனால் மெதுவாகத்தான் உயர்த்தும், எவ்வளவு உயர்த்தும் என்று முன்கூட்டிக் கணக்கிட முடியாது. மாத்திரை இந்தப் பள்ளத்தைச் சில வாரங்களில் நிரப்பும். பிறகு அளவைக் காப்பாற்றும் வேலையை வெயிலுக்கும் உணவுக்கும் கொடுப்போம். மாத்திரை சாப்பிடுவதை உங்கள் நடையின் தோல்வியாக எண்ணி ஒதுக்கி வைத்திருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விடுங்கள்.

சாப்பிடும் முறை பற்றி ஒன்று. கொழுப்பில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் போடாமல், எண்ணெயோ நெய்யோ முட்டையோ உள்ள பெரிய சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். அதைவிட முக்கியமானது: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான். வாராந்திர மாத்திரையைத் தினசரி மாத்திரை என்று நினைத்து இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிட்டுவிட்ட ஒரு பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், கடைசியில் வீட்டாரையே அடையாளம் தெரியாத குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. வெயிலால் வராத நஞ்சு மாத்திரையால் வரும். அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக எட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியைப் பேனாவால் எழுதிவையுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்துக் கொடுத்தாலும் தவறு நேராது.

உங்களுக்குச் சிறுநீரகக் கல் வந்திருந்தாலோ, சார்காய்டோசிஸ் என்ற நோய் இருந்தாலோ, கால்சியம் ஏற்கெனவே அதிகம் என்று சொல்லியிருந்தாலோ, தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் வைட்டமின் டியை உடம்பில் வேகமாகச் சிதைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு அளவு மாறும்.

வலியும் அசதியும் இதனால்தானா என்பதில் நான் அவசரப்பட மாட்டேன். வைட்டமின் டி வெகுகாலம் மிகக் குறைந்து எலும்பு மென்மையாகும்போது இடுப்பிலும் தொடையிலும் ஆழமான வலி வரும், தொடைத் தசை பலமிழக்கும். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். ஒரே முயற்சியில் எழ முடிகிறதா, முன்னும் பின்னும் ஆடி விசை கொடுத்துத்தான் எழ வேண்டியிருக்கிறதா? படியேறும்போது கைப்பிடியைப் பற்றி இழுக்க வேண்டியிருக்கிறதா? இருக்கிறது என்றால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி ஆகியவற்றை ரத்தத்தில் பார்க்கச் சொல்வார். ஆனால் எலும்பு மென்மையாவது பெரும்பாலும் 14ஐவிட மிகக் குறைந்தவர்களிடம் காண்பது. அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு சுரப்பிக் குறைவு, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கக் கெடுதல், மனச்சோர்வு என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. வைட்டமின் டி குறைவாக இருப்பதைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவது இப்போது அடிக்கடி நடக்கும் தவறு. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள்.

எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு வைட்டல் என்ற பெரிய ஆய்வு நடந்தது. தினமும் 2,000 ஐ.யு. சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ குறைவாக வரவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு முதலிலேயே குறைபாடு இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றிப் பயனில்லை. உங்கள் குடம் நிறையவில்லை, அதனால் உங்களுக்கு ஊற்றச் சொல்கிறேன்.

தங்கையின் 40 பற்றி: அவருடைய பரிசோதனைத் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று கேளுங்கள். சில நாடுகளில் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தருவார்கள், சில நாடுகளில் லிட்டருக்கு நானோமோல் என்று தருவார்கள். இரண்டாவதை இரண்டரையால் வகுத்தால் முதலாவது கிடைக்கும். அவருடையது நானோமோல் என்றால் 40 என்பது உங்கள் கணக்கில் 16. அதாவது அவரும் ஏறக்குறைய உங்கள் நிலையில்தான் இருக்கிறார், அவருக்கும் மருத்துவ ஆலோசனை தேவை. இதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

மாமியார் விஷயத்தில் எனக்கு உங்களைப் பற்றியதைவிடக் கவலை அதிகம். வயது ஏற ஏற, வைட்டமின் டிக்கு மூலமான பொருள் தோலில் குறைந்துகொண்டே போகும். ஒரே வெயிலில் இளையவர் உண்டாக்குவதில் பாதிகூட முதியவர் தோலால் முடியாது. வீட்டை விட்டு வெளியே வராத 76 வயதுக்காரருக்கு அந்தக் கொஞ்சமும் கிடைப்பதில்லை. அவருக்கு நாளுக்கு 800 ஐ.யு. அளவில் சிறிய மாத்திரை தேவைப்படும் வாய்ப்பே அதிகம். அவருடைய சிறுநீரக நிலையையும் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். 'ஆண்டுக்கு ஒரு ஊசி போட்டால் போதும், தினமும் தொந்தரவு இல்லை' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரேயடியாக 5 லட்சம் ஐ.யு. வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் கீழே விழுந்ததும் எலும்பு முறிந்ததும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. முதியவர்களுக்குச் சிறிது சிறிதாக, தினமும் என்பதே பாதுகாப்பு.

அவரை வெளியே அழைத்துவரும் முயற்சியையும் கைவிடாதீர்கள். முதலில் வாசலில் ஒரு நாற்காலி, பத்து நிமிடம், புடவைத் தலைப்போ சால்வையோ கையை மூடாதபடி. விடுமுறை நாளில் நீங்கள் அருகில் உட்காருங்கள். பழகியபின் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி, இருபதடி. அந்தப் பத்தடியில் அவருக்குக் கிடைப்பது வைட்டமின் டியைவிடப் பெரிது: கால் தடுமாறினால் தாங்கிக்கொள்ளும் பலம்.

மாத்திரை முடிந்ததும் நின்றுவிட வேண்டாம். அடுத்து என்ன அளவில் தொடர்வது என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சொல்லாமல் நாளுக்கு 4,000 ஐ.யு.வைத் தாண்டக் கூடாது. உங்கள் வயதுக்குக் கால்சியம் நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். பால், தயிர், கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் சிறுமீன் ஆகியவற்றில் எவ்வளவு வருகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ரத்தத்தில் இந்த வைட்டமின் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும், புதிய நிலைக்கு வந்து நிற்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ஆகவே மாதாமாதம் பரிசோதித்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே பரிசோதனைக்கூடத்தில், ஒரு முறை பாருங்கள். தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் எண் 20ஐத் தாண்டவில்லை என்றால், குடல் அதைச் சரியாக உறிஞ்சவில்லையோ என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்போது இரண்டு பரிசோதனைத் தாள்களையும் தேதி எழுதிய அந்த மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.